சேர்த்தால் போதுமா? சரிபார்க்க வேண்டாமா?

வகுப்பில் நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினால் ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது. "ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்பார். கப்பல்களிலும் படகுகளிலும் இந்த வேலையைச் செய்யும் சிறு பெட்டியே மல்டிபிளெக்சர். ஜி.பி.எஸ்., திசைகாட்டி, ஆழமானி, காற்றுமானி ஆகியவை தனித்தனிக் கம்பிகளில் செய்தி அனுப்புகின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, ஒரே கம்பியில் தானியங்கிச் சுக்கானுக்கும் கணிப்பொறிக்கும் இப்பெட்டி அனுப்புகிறது.

கம்பிகளை இணைத்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு என்பதே என் கருத்து. எந்தக் கருவியை எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்வதே இதில் உண்மையான வேலை.

முதலில் ஒரு சிறு கணக்கு. இக்கருவிகள் பேசும் மொழி 1983-இல் வெளியான என்.எம்.இ.ஏ. 0183 என்ற தரமுறை. இதன் வழக்கமான வேகம் வினாடிக்கு 4,800 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து 10 பிட் வேண்டும். ஆகவே வினாடிக்கு 480 எழுத்துகளே செல்லும். ஒரு வாக்கியம் 82 எழுத்துகள் வரை நீளலாம். அப்படியானால் வினாடிக்கு ஆறு நீண்ட வாக்கியங்கள்கூட முழுமையாகச் செல்லா!

அருகிலுள்ள கப்பல்களைத் தெரிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியோ 38,400 பிட் வேகத்தில், அதாவது எட்டு மடங்கு வேகத்தில், பேசுவது. நெரிசலான துறைமுகத்தருகே அதன் செய்திகள் அனைத்தையும் 4,800 பிட் கம்பியில் திணித்தால் என்ன ஆகும்? சில வாக்கியங்கள் தாமதமாகும். சில தொலைந்தே போகும். 10 நாட் வேகத்தில் செல்லும் படகு வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். செய்தி 4 வினாடி தாமதமானால் திரையில் தெரியும் இடம் 20 மீட்டர் பழையது. எனவே வெளியீட்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். அல்லது தேவையற்ற வாக்கியங்களை வடிகட்ட வேண்டும்.

அடுத்தது நம்பிக்கை. வாக்கியத்தின் இறுதியில் பொதுவாகச் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. வழியில் ஓர் எழுத்து சிதைந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் செய்தி சிதையாமல் வந்தது என்பது வேறு. செய்தி உண்மை என்பது வேறு. பொய்யும் சிதையாமல் வந்து சேரலாமல்லவா?

1995 ஜூன் 9 அன்று 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கம்பி கழன்றது. கருவி நிற்கவில்லை. கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு இடத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு அனுப்பியது. காற்றும் நீரோட்டமும் அக்கணக்கில் சேரவில்லை. 'இது செல்லாத தகவல்' என்ற குறியையும் அது அனுப்பியது. பெற்றுக்கொண்ட தானியங்கி அமைப்பு அக்குறியைப் பார்க்கவே இல்லை! சுமார் 34 மணி நேரத்துக்குப்பின் கப்பல் நான்டக்கெட் தீவுக்கருகே மணல்திட்டில் ஏறி நின்றது. நினைத்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் 17 கடல் மைல் வேறுபாடு. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. கப்பலில் லோரான்-சி என்ற மற்றோர் இடங்காட்டியும் இருந்தது. அதிகாரிகள் இரண்டையும் முறையாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அங்கே பழுது மல்டிபிளெக்சரில் இல்லை. ஆயினும் பாடம் அதற்கும் பொருந்தும். இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளின் செய்திகளையும் கலந்து சுக்கானுக்கு அனுப்பினால், படகு இருக்குமிடம் அங்குமிங்கும் தாவுவதாக அது கருதும். ஆகவே ஒன்றுக்கு முன்னுரிமை தருகிறோம். இது சரியே. ஆனால் மற்றதை அடியோடு மறைத்துவிடுவது சரியன்று. முதல் கருவி தவறும்போது அதைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சி இராது. இரண்டாவதைத் தனித் திரையில் காட்டுங்கள் என்பேன். பொருத்தி முடித்ததும், கரையிலேயே ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை ஒலிக்கவில்லையா? அமைப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

"சிறு படகுக்கு இவ்வளவு தேவையா?" என்று கேட்கலாம். பெரிய கப்பலில் விழித்திருக்கப் பல அதிகாரிகள் உண்டு. சிறு படகில் ஒருவரே இருப்பார். தேவை அங்கேதான் அதிகம்.

நண்பர்களே, சோதனைச்சாலையில் ஒரே அளவை இரண்டு முறை எடுக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிறீர்கள். அடுத்த முறை அந்த மணல்திட்டை நினைத்துக்கொள்ளுங்கள்!