கான்டாக்ட் லென்ஸ் யாருக்கு, எப்படி? எங்கள் நிலைப்பாடு

கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் கண் நலனுக்காக வேலை செய்துவரும் நாங்கள், கான்டாக்ட் லென்ஸ் பற்றிய எங்கள் கருத்தை ஊர் முன் வைக்கிறோம். முகூர்த்த மாதங்களில் மணப்பெண் அலங்காரத்தோடு பச்சை, நீலம், பழுப்பு நிற லென்ஸும் சேர்ந்து வருகிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் செல்போனிலேயே ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். போடுவதற்கு முன் அந்தக் கண்களைப் பரிசோதித்தவர் ஒருவரும் இல்லை. இன்னொரு பக்கம், கருவிழி கூம்பாக நீண்டு, எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து கலைந்தே தெரிகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லென்ஸ்தான் வைத்தியம். விலையும் தூரமும் அதை எட்டவிடாமல் செய்கின்றன. தேவையில்லாதவருக்குச் சுலபமாகவும் தேவைப்படுபவருக்கு அரிதாகவும் கிடைக்கிற இந்த நிலை மாற வேண்டும்.

நாங்கள் லென்ஸுக்கு எதிரிகள் அல்ல. ஆனால் அது பொட்டு, வளையல் வரிசையில் வைத்து விற்கிற பொருள் அல்ல, மருத்துவக் கருவி. கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கருவிழிக்கு, அதாவது கார்னியாவுக்கு, ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாக நேரே காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அந்தக் கண்ணீர்ப் படலத்தின் மேல் உட்காருகிறது. அளவு தவறினால், போட்டபடியே தூங்கினால், அழுக்குக் கையால் தொட்டால், கருவிழி மூச்சுத் திணறும், மேல்தோல் உரியும், கிருமி உள்ளே இறங்கும். போட்டபடி தூங்குகிறவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

எங்கள் ஊரில் இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விவசாய வேலை செய்பவர்கள். மூன்றில் இருவருக்குக் கண்ணில் ஏதாவது பட்டுக் கீறல் விழுந்திருந்தது. கிருமி தெரியவந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. அது லென்ஸ் பற்றிய ஆய்வு அல்ல. நம் மண்ணையும் தூசியையும் பற்றியது. கதிர் தூசியிலும் கரும்புச் சோகையிலும் இருக்கிற பூஞ்சைக்கு ஒரு சிறு கீறல் போதும். வயலில் கண்ணாடி போட்டிருந்தால் சோகை அதில் இடித்து நின்றுவிடும். லென்ஸ் அப்படிக் காப்பதில்லை. தூசியைத் தனக்கடியில் வைத்துக்கொண்டு தேய்க்கவும் செய்யும்.

முந்திரி இன்னொன்று. ஆதனக்கோட்டைப் பக்கம் கொட்டை வறுக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டு எண்ணெய் தோலை என்ன செய்யும் என்று தெரியும். அதே விரலால் லென்ஸ் மாட்டக் கூடாது. வறுக்கிற புகையில் லென்ஸோடு உட்காரவும் கூடாது. வயலிலும் வறுப்படுப்பிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடியே சரி என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றையும்விட எங்களை அதிகம் கவலைப்படுத்துவது தண்ணீர். போர்வெல் தண்ணீர், குழாய்த் தண்ணீர், குளம், கிணறு எதிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். குளோரினுக்கும் அது எளிதில் சாகாது. கருவிழிக்குள் புகுந்தால் தாங்க முடியாத வலி, மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குப் பார்வையே போய்விடும். 1980-களில் அமெரிக்காவில் வீட்டிலேயே உப்புக் கரைசல் தயாரித்து லென்ஸைக் கழுவியவர்களிடம் இந்த நோய் திரளாகக் கண்டறியப்பட்டது. ஆகவே லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. கொதித்து ஆறிய தண்ணீரும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். லென்ஸுக்கென்று விற்கும் சொல்யூஷன் மட்டுமே. அதையும் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். லென்ஸ் வைக்கும் டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளிக்கும்போதும் கிணற்றில் இறங்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

வகைகளுக்கு வருவோம். 1961-இல் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே, குழந்தைகளின் விளையாட்டுக் கருவிப் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே ஓர் இயந்திரம் செய்து, மென்மையான லென்ஸை வார்த்துக் காட்டினார். இன்று பெரும்பாலோர் போடுவது அந்த வழியில் வந்த சாஃப்ட் லென்ஸ்தான். அதில் ஒருநாள் போட்டு எறிவது, மாதம் ஒன்று, வருடம் ஒன்று என்று உண்டு. வருட லென்ஸ் மலிவு என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். சொல்யூஷன் செலவையும் தினசரிப் பராமரிப்பையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவருக்கு ஒருநாள் லென்ஸே பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு டோரிக், வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மல்டிஃபோகல் என்று தனித்தனியாக இருக்கின்றன. எதுவானாலும் கண்ணாடிச் சீட்டைக் காட்டி வாங்க முடியாது. கண்ணாடியில் மைனஸ் 6 உள்ளவருக்கு லென்ஸில் ஏறக்குறைய மைனஸ் 5.5 போதும், கருவிழியின் வளைவையும் தனியாக அளக்க வேண்டும்.

காற்றை ஊடுருவ விடும் கெட்டி லென்ஸும் ஸ்க்ளீரல் லென்ஸும்தான் நாங்கள் அரசிடம் கேட்பவை. கருவிழி கூம்பானவர்களுக்கும், காயம் ஆறிக் கண்ணில் பூ விழுந்தவர்களில் சிலருக்கும் கெட்டி லென்ஸ் மேடுபள்ளத்தைச் சமப்படுத்திப் பார்வை தரும். ஸ்க்ளீரல் லென்ஸ் அளவில் பெரியது. கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் உட்கார்ந்து, நடுவில் திரவத்தைத் தேக்கி வைக்கும். மருந்து ஒவ்வாமையால் கண் வறண்டுபோனவர்களுக்கும் அது ஆறுதல். சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய மருத்துவமனைகளில் இவை பொருத்தப்படுகின்றன. கூலி வேலையை விட்டுவிட்டு அளவெடுக்கவும் சரிபார்க்கவும் பலமுறை சென்னைக்கு அலைய எங்கள் மக்களால் முடியாது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இவற்றைக் கட்டணமின்றிப் பொருத்த வேண்டும். பள்ளிக் கண் பரிசோதனையில் கண்ணாடி போட்டும் தெளியாத பிள்ளைகளைத் தனியே குறித்து அங்கே அனுப்ப வேண்டும்.

நிற லென்ஸ் விற்பனைக்கு எல்லை வேண்டும். பவர் இல்லாத நிற லென்ஸையும் மருத்துவக் கருவி என்றே வகுத்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அமெரிக்கா 2005-இல் சட்டம் செய்தது. இந்தியாவிலும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்ட வரம்புக்குள் வந்துவிட்டன. அந்தச் சட்டம் இந்த விற்பனையில் செயல்பட வேண்டும். அழகு நிலையம் நடத்தும் சகோதரிகளிடம் எங்கள் வேண்டுகோள்: ஒரு பெண்ணுக்குப் போட்ட லென்ஸை அடுத்த பெண்ணுக்குப் போடாதீர்கள், கண் பரிசோதிக்காமல் யாருக்கும் மாட்டிவிடாதீர்கள்.

லென்ஸ் போட்ட கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், உடனே கழற்றி அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். இலைச்சாறு, தாய்ப்பால் விட வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்க வேண்டாம்; பூஞ்சைத் தொற்றை அது பெருக்கிவிடும். கழற்றிய லென்ஸை எறிந்துவிடாதீர்கள். டப்பாவையும் சொல்யூஷன் பாட்டிலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று அவற்றிலிருந்தும் பரிசோதித்துக் கண்டுபிடிக்கலாம்.