பால் பத்தல

மூன்றாம் நாள் சாயங்காலம். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். தையல் வலியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் என் தங்கை மகள் சாய்ந்து கிடந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுக்கும், விட்டுவிடும், மறுபடி அழும். கட்டிலைச் சுற்றி அவள் அம்மா, மாமியார், நான் என்று மூன்று பேர் நின்றிருந்தோம். அந்த வார்த்தையை முதலில் சொன்னது நான்தான்.

“பால் பத்தல போலிருக்கே.”

அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அரை மணி நேரத்தில் மாப்பிள்ளை கீழே இருந்த மருந்துக் கடையில் பால் பவுடர் டப்பா வாங்கி வந்துவிட்டார். குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. 1992-இல் வந்த சட்டம் அப்படிப் போட வைத்திருக்கிறது. அதைப் படித்துக்கொண்டேதான் நான் மூடியைத் திறந்தேன்.

இதை என் ஒருத்தியின் தவறு என்று எழுத முடியவில்லை. ‘பால் பத்தல’ என்று சொல்லாத வீடு நம் ஊர்களில் எத்தனை இருக்கும்? பிள்ளை அழுதால் சொல்கிறோம், அடிக்கடி குடித்தால் சொல்கிறோம், ராத்திரி தூங்காவிட்டால் சொல்கிறோம். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்கள்: “பால் இருக்கா?” அந்தச் சட்டம் பவுடர் கம்பெனிகளின் விளம்பரத்தையும் இலவச டப்பாவையும் தடுத்தது. நம் வாயை எந்தச் சட்டம் தடுக்கும்? கம்பெனிக்காரன் சொல்லக் கூடாததை நாம் காசு வாங்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். குடிக்காமல் மார்பில் தேங்கினால், இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு வேளை டப்பாப் பால் கொடுத்தால் அந்த வேளை மார்பு காலியாவதில்லை. இரண்டு வேளை, மூன்று வேளை என்று அது போகப் போக மார்பு கட்டும், நெறி கட்டிக் காய்ச்சல் வரும், பிறகு மெல்ல வற்றும். மூன்றாம் நாள் நாங்கள் சொன்னது பொய். மூன்றாம் மாதம் அது நிஜமாகிவிட்டது. அந்தப் பொய்யை நிஜமாக்கிய கைகள் எங்களுடையவை.

முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பாலே பிள்ளைக்குப் போதும். ஆபரேஷன் ஆனவளுக்குப் பால் இறங்க ஒரு நாள் கூடுதலாக ஆகலாம். பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பிடித்துவிடும். பால் போதுகிறதா என்று பார்க்க அழுகையை அளக்க வேண்டியதில்லை. பால் இறங்கிய பிறகு, ஐந்தாம் நாள் வாக்கில், ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்தால் தெரியும். இவ்வளவுதான் விஷயம். பிரசவ லேகியத்துக்குப் பதினைந்து சரக்கின் பெயர் சொல்லத் தெரிந்த எங்களுக்கு இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மாடு கன்று ஈன்றால் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே பங்கு வைத்தவர்கள் நாம். பெற்றவளின் சீம்பாலை மட்டும் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டினோம். அதற்குப் பதிலாக நல்ல குணம் வர வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் தொட்டுச் சேனை வைத்தோம். ஒரு வயதுக்குள் தேனே ஆகாது என்று மருத்துவர்கள் சொல்வது காதில் விழுந்தும் வைத்தோம். கத்திரி வெயிலில் பிள்ளைக்கு நாக்கு வறளும் என்று தண்ணீர் புகட்டினோம். ஆறு மாதம் வரை அதற்கு வேண்டிய தண்ணீரும் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. தண்ணீர் தேவைப்பட்டது பெற்றவளுக்கு. அவளுக்கோ உடம்பு ஊதிவிடும் என்று அளந்து கொடுத்தோம்.

பால்சுறா புட்டு கொடுத்தோம், பூண்டு வதக்கிப் போட்டோம். அதில் அன்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தட்டைப் பார்த்த அளவுக்குப் பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தபோது, “எல்லாருக்கும் அப்படித்தான், பல்லைக் கடிச்சுக்கோ” என்றோம். ஒவ்வொரு முறையும் உயிர் போகிற மாதிரி வலித்தால் பிள்ளை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பிடிப்பைச் சரி செய்தால் போகிற வலியை நாங்கள் பொறுமைப் பாடமாக்கினோம்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99-க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 100-க்கு சுமார் 60. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55. நாடு முழுவதற்குமான சராசரி 64. தாய் சேய் நலத்தில் முன்னோடி என்று பெருமை பேசும் நாம் இந்த ஒன்றில் நாட்டுக்குப் பின்னால் நிற்கிறோம். நர்ஸும் டாக்டரும் இருக்கிற கட்டடத்துக்குள் வைத்தே அந்த முதல் ஒரு மணி நேரத்தை இழக்கிறோம். பிள்ளையை எடுத்துப் போய்த் துடைத்து, எடை போட்டு, சொந்தக்காரர்களிடம் காட்டி, போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் பெற்றவளிடம் போகிறது. போட்டோ எடுத்தவர்கள் நாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற பெண் பிள்ளை பெற்று நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021-இலிருந்து பன்னிரண்டு மாத விடுப்பு. கம்பெனி வேலைக்காரருக்கு 2017-இலிருந்து 26 வாரம். இவளுக்கு என்ன என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. பத்து மணிக்கு அவள் ரவிக்கை நனைந்திருந்தது. சேலையை இழுத்து விட்டுக்கொண்டே குழாயடியில் குனிந்து தேய்த்தாள். நான் பார்த்தேன். பிள்ளையை இங்கேயே தூக்கி வாம்மா, நிழலில் போட்டுக்கொள் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. அவள் பிள்ளைக்கும் டப்பாப் பால்தான். அவள் சம்பளத்தில் ஒரு டப்பா வாங்கி, தண்ணீரைக் கூட்டிக் கரைத்துப் பல நாள் இழுத்திருக்கிறாள் என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் நாக்குக்கு மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே பால் கொடுக்க முடியாத பெண்களும் இருக்கிறார்கள், நோயாலும் மருந்தாலும் உடல் அமைப்பாலும். அவர்கள் புட்டியை எடுத்தபோது, “பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்க நோகுதா” என்று கேட்டதும் நாங்களேதான். கொடுக்க முடிந்தவளைப் பத்தல என்று நிறுத்தினோம், முடியாதவளை ஏசினோம். இரண்டு பேர் பக்கத்திலும் உட்காரவில்லை.

என் தங்கை மகளுக்கு முதல் பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் பால் நின்றது. நான்கு வருடம் கழித்து இரண்டாவது. இந்த முறை அரசு ஆஸ்பத்திரி. இரண்டாம் நாள் பிள்ளை அதே மாதிரி அழுதது. எங்கள் மூவர் வாயிலும் அதே வார்த்தை வந்து நின்றது. சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டார், நடு வயதுக்காரர். பால் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. “எங்க, பிள்ளைய வைம்மா, பாக்குறேன்” என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

தையலில் படாமல் தலையணையைப் பக்கவாட்டில் வைத்து, பிள்ளையை அவள் கக்கத்துக்கு அடியில் கிடத்தினார். தலை மட்டும் திரும்பியிருந்ததை, உடம்பு மொத்தமும் அம்மா பக்கம் பார்க்கத் திருப்பினார். “நீ குனியாத. பிள்ளையத்தான் மார்புக்குக் கொண்டு வரணும்.” காம்பால் பிள்ளையின் மேலுதட்டை வருடினார். அது கொட்டாவி விடுகிற மாதிரி வாயை அகலத் திறந்தது. அந்த நொடியில் சட்டென்று அணைத்தார். கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பதிந்தது. காம்பு மட்டுமல்ல, அதைச் சுற்றிய கருவட்டமும் பெரும்பாலும் உள்ளே போயிருந்தது. கன்னம் குழியவில்லை. கொஞ்ச நேரத்தில் ‘க்ளக்’ என்று விழுங்குகிற சத்தம்.

“வலிக்குதா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. நர்ஸ் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “மொதப் பிள்ளைக்கு இத யாரும் காட்டித் தரலையாம்மா? வீட்டுல பெரியவங்க இல்லையா?”

அவள் எங்களைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா, மாமியார், நான் மூவரும் சுவரோரம் நின்றிருந்தோம். எங்கள் மூவருக்குமாகச் சேர்த்து ஏழு பிள்ளைகள்.