சிக்கனச் சோளம்

மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் பக்கம் அக்டோபரோடு மழை விடைபெற்றுவிடும். செப்டம்பர் கடைசியில் விதைத்த சோளம் அப்போது முழங்கால் உயரம்கூட இருக்காது. அறுவடையோ பிப்ரவரி வாக்கில். அதுவரை கரிசல் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரம்தான் கதி. கையிருப்பை வைத்து நான்கு மாதம் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

சோளம் அதை நடத்தும் விதம் சுவாரசியமானது. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. இலையில் உள்ள நுண்துளைகளின் இருபுறமும் காவல் செல்கள் உண்டு. ஹார்மோன் எட்டியதும் அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கூடவே நீரும். செல்கள் துவள, துளை மூடிக்கொள்கிறது. நீர் ஆவியாவது குறைகிறது. இலை சுருண்டு வெயில்படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. தண்டிலும் இலையுறையிலும் படிந்திருக்கும் வெள்ளை மெழுகும் தன் பங்குக்கு உதவுகிறது. செல்களுக்குள் சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் சேர்வதால், உலர்ந்துவரும் மண்ணிலிருந்தும் வேர் கொஞ்சம் நீரை இழுக்க முடிகிறது.

ஆனால் இதற்கு விலை உண்டு. நீர் வெளியேறும் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வருகிறது. கதவை அடைத்தால் தாகம் அடங்கும்; சமையலும் நின்றுபோகும். செடி பிழைத்துவிடலாம், கதிரில் மணி இருக்காது. விவசாயிக்கு அதனால் என்ன லாபம்?

மணி பிடிக்கும் நேரம்தான் கண்டம். அப்போது நீர் தீர்ந்தால் பெரும்பாலான ரகங்கள் இலைகளைக் காயவிட்டு, தண்டில் சேர்த்து வைத்த சர்க்கரையைக் கதிருக்கு அனுப்புகின்றன. தண்டு பலவீனமாகி அழுகல் நோய்க்கு இரையாகிறது, பயிர் சாய்கிறது. எத்தியோப்பியச் சோளத்தின் வழிவந்த சில வகைகள் மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கின்றன. இதற்குக் காரணமான குரோமோசோம் பகுதிகளை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: இந்த வகைகள் இளமையிலேயே குறைவாகக் கிளைத்து, சிறிய இலைப்பரப்போடு வளர்கின்றன. அப்போது மிச்சம்பிடித்த ஈரம்தான் பூத்த பிறகு மணியாகிறது. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் மையத்தில், மண் நிரப்பிய நீண்ட குழாய்களில் பயிர்களை வளர்த்து, குழாயோடு எடைபோட்டு, எந்த வாரத்தில் எவ்வளவு நீர் செலவாகிறது என்று கணக்கெடுக்கிறார்கள்.

சிக்கனத்திலும் சிக்கல் இருக்கிறது. மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டில் இப்படிப்பட்ட செடி வாய்ப்பை நழுவவிடக்கூடும். எல்லா வறட்சியும் ஒன்றல்ல. தொடக்கத்தில் வருவதற்கு வேறு குணம் தேவை, கடைசியில் வருவதற்கு வேறு.

1930களில் மோஹோலில் நாட்டுச் சோளத்திலிருந்து தேர்ந்தெடுத்த மால்தண்டி ரகத்தை ஒட்டுரகங்களால் இன்னும் ஓரங்கட்ட முடியவில்லை. பாக்ரிக்கு ஏற்ற மாவு, மாட்டுக்கு நல்ல தட்டை, வறண்ட ஆண்டிலும் ஏதோ ஒரு விளைச்சல் என்று மூன்றும் அதில் கிடைக்கின்றன. விதைப் பையில் ‘வறட்சி தாங்கும்’ என்று அச்சிடுவது சுலபம். எந்த மாதத்து வறட்சியை, எந்த மண்ணில், எவ்வளவு மகசூலோடு என்பதையும் கேட்டுத்தான் விவசாயி வாங்க வேண்டும்.