பேலியகொடையில் பூட்டு, கொட்பேயில் நட்டம்

2020 ஒக்டோபர் 21ஆம் திகதி கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையை மூடினார்கள். அங்கே கொரோனாத் தொற்று அந்தளவுக்குப் பரவியிருந்தது. மூடியதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தையை நம்பி யார் யார் கடலில் நிற்கிறார்கள் என்று ஒருவரும் எண்ணிப் பார்க்காததைத்தான் சொல்கிறேன். திருகோணமலையில், கப்பல்துறைக்கு அடுத்த சீனன்குடாவில், கொட்பே துறைமுகத்துப் பலநாள் படகுகள் அப்படி நின்றவைதான்.

படகுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். டீசல், ஐஸ், சமையல் சாமான் எல்லாம் முதலில் கடன். மீன் விற்ற காசில் அதைக் கழித்து, மிஞ்சினால்தான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு. ஐஸில் போட்டாலும் நாள் ஏற ஏற மீனின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். மீன் ஏற்ற பேலியகொடை லொறி வராவிட்டால் செலவுக் காசே தேறாது. தொழிலாளி வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். கருவாடு போடலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் காலநிலை தெரியாது. அது மாரி தொடங்குகிற நேரம். எந்த வெயிலில் காயவைப்பது?

மீன் தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி மிச்சத்தையும் கெடுத்தது. நவம்பர் 17ஆம் திகதி முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகவியலாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். வெளிநாட்டுச் செய்திகளில் அது வேடிக்கையாகப் போனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்க ஆளில்லாத மீனுக்காக யாராவது ஒருவர் அதைச் செய்யத்தான் வேண்டியிருந்தது.

முதல் ஊரடங்கு அந்த வருடம் மார்ச் 20இல் நாடு முழுக்கப் போடப்பட்டது. அப்போது சமுர்த்தி நிவாரணம் பெற்ற குடும்பங்களுக்கு ஏப்ரலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். போதாத காசுதான், ஆனாலும் கைக்கு வந்தது. சந்தையை மூடிய இரண்டாம் அலையில் ஊரடங்கு மேல் மாகாணத்தில். நிவாரணத்தின் கவனமும் தனிமைப்படுத்திய பகுதிகளில். திருகோணமலை திறந்திருந்தது. திறந்திருந்த ஊரில் பட்டினி இருக்கும் என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. பங்குக்குக் கடலுக்குப் போகிறவனிடம் சம்பளச் சிட்டையும் இல்லை, இழந்ததைக் காட்ட.

அடுத்த தொற்று வரும்போதும் சந்தைகளை மூட வேண்டி வரலாம். மூடுகிற அதே உத்தரவில், அந்தச் சந்தைக்கு மீன் அனுப்பும் துறைமுகங்களின் பெயரும் இருக்கட்டும். வந்த மீனை யார், என்ன விலைக்கு வாங்குவது, எந்தக் குளிரறையில் வைப்பது என்று எழுதட்டும். படகு முதலாளியோடு நிற்காமல், பங்குக்குப் போகும் ஆட்களின் பெயர்ப் பட்டியலை மீனவர் சங்கங்களிடம் இப்போதே வாங்கி வைக்கட்டும்.