வாசகரைத் தேடும் எழுத்து

இணையத்தில் எழுதத் தொடங்கும் மாணவர் பலர், முதற்கவிதை பதிவான மறுநாளே விருப்பக்குறிகளை எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணிக்கை குறைந்தால் எழுதுவதையே விட்டுவிடுகின்றனர். இப்போக்கு நமக்குக் கவலை அளிக்கிறது.

இலங்கையின் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1882ஆம் ஆண்டு 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். சமுதாயத்தின் கல்விக் குறையை அதில் எடுத்துரைத்தார். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான அவருடைய 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதற்கு முன்பே அவர் வாசகரோடு பேசிக்கொண்டிருந்தார்.

எழுத்தைப் பரப்பும் முயற்சி தவறென்பது நம் கருத்தன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்கும் வள்ளல்களின் ஆதரவு வேண்டியிருந்தது. ஏட்டிலிருந்த அக்காப்பியத்திற்கு 1842இல் அச்சும் துணைநின்றது. இன்று இணையம் அத்தகைய கருவியே. அது நம் எழுத்தை வாசகரிடம் கொண்டு சேர்க்கும். அவரை மீண்டும் வரச்செய்வது எழுத்தின் பயனேயாகும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்கள் எழுத்து எவருக்குப் பயன்படும் என்பதை முதலில் சிந்தியுங்கள். வாரம் ஒரு பக்கமேனும் தவறாது எழுதுங்கள். பிறர் எழுத்தையும் படித்துக் கருத்துரையுங்கள். சமுதாயப் பெரியோர்களும் இளையோர் எழுத்தைப் படித்து, நிறைகுறைகளை இரண்டு வரியில் எழுதி அனுப்புவார்களாக. வாசகர் வட்டம் வளரும், இன்ஷா அல்லாஹ்!