இந்த வயசுல அப்படித்தான்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மருமகள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயது 43. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. விசாரித்தால், மாதாமாதம் பத்து நாள் போகிறதாம். அவள் மாமியார் என்னைவிட நாலு வயது சின்னவள். ஒரு டம்ளர் மோரை அவள் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இந்த வயசுல அப்படித்தான் அக்கா. நிக்கப்போற நேரத்துல கொட்டித் தீர்த்துட்டுத்தான் நிக்கும்."

இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு முப்பது வருஷக் கோபம். ஆண் வாசகர்கள் சங்கடப்பட்டு எழுந்து போய்விட வேண்டாம். உங்கள் வீட்டுச் சமாச்சாரமும்தான் இது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. விலக்கான பெண்ணை அங்கே 'ஆந்திஸ்போசே' என்பார்கள், உடம்பு சுகமில்லாதவள் என்று. வீட்டில் 'தூரம்'. பிறகு ஆபீசில் நான் எழுதிக் கொடுத்த லீவு லெட்டர்களில் 'காய்ச்சல்'. மூன்று பாஷை தெரிந்தும் உள்ளதைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இதில் வேடிக்கை, பிரெஞ்சில் மாதவிலக்குக்கு 'ரெக்ள்' என்று பேர். விதி, ஒழுங்கு என்றும் அர்த்தம். 1994-ல் எனக்கு அந்த ஒழுங்குதான் கெட்டது.

ஐந்து நாளில் நின்றது பத்து, பன்னிரண்டு நாள் ஆயிற்று. கட்டி கட்டியாகப் போகும். நாற்காலியில் பேப்பரை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பில் பார்த்திருக்கிறேன். அடர் நீலப் புடவையும் கறுப்புப் புடவையும் தவிர வேறு கட்டப் பயம். அம்மா 'அப்படித்தான்' என்றாள். நாத்தனாரும் அதையே சொன்னாள். ஒரு டாக்டரம்மாவும் தொட்டுக்கூடப் பார்க்காமல் அதையே சொல்லி சத்து மாத்திரை எழுதினார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஆபீஸ் வாசலில் மயங்கி விழுந்த அன்றுதான் ரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 5.8. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நார்க்கட்டி.

ஃபைப்ராய்டு என்கிறார்களே, அதுதான். கர்ப்பப்பையின் தசையில் வளர்வது. புற்றுநோய் அல்ல; அப்படி இருப்பது மிக அபூர்வம். பலருக்கு இருப்பதே தெரியாது. அளவைவிட இடம்தான் முக்கியம். வெளிப்பக்கமாக வளர்ந்தால் பெரிதாக இருந்தும் விலக்கில் மாற்றம் தெரியாமல் போகலாம், மூத்திரப்பையை அழுத்தும். உள்வரிப் பக்கம் பிதுங்கினால் நெல்லிக்காய் அளவே போதும், ஆளைச் சாய்த்துவிடும். மணிக்கு ஒரு பஞ்சு மாற்றுவது, ராத்திரியில் அதற்காக எழுந்திருப்பது, ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிகள், எட்டு நாளுக்கு மேல் நீளுவது, இவற்றில் எதுவுமே 'அப்படித்தான்' கிடையாது. ஒரு விலக்கில் மொத்தம் 80 மில்லிக்கு மேல் போனாலே அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. அரை டம்ளர் கூட இல்லை.

அந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. நிற்கப்போகும் வயதில் நாள் முன்பின் ஆவது நிஜம். நின்றபின் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் சுருங்குவதும் நிஜம். ஆனால் அதுவரை போகிற ரத்தத்தை யார் திருப்பித் தருவார்கள்? நின்று ஒரு வருஷம் ஆனபிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அதைக் கட்டியின் மேல் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. புற்றுநோயா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது: "பிள்ளை பெத்தாச்சு, எடுத்துப் போட்டுடுங்க." பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-ல் தீர்ப்பு வந்தது. 'அப்படித்தான்' என்று பேசாமலிருப்பவர்களும் 'எடுத்துடு' என்று அவசரப்படுபவர்களும் எனக்கு ஒன்றுதான். இரண்டு கூட்டமும் அந்தப் பெண்ணைக் கேட்பதில்லை. போக்கைக் குறைக்க மாத்திரை உண்டு, ஹார்மோன் வைத்த லூப் உண்டு, கட்டியை மட்டும் எடுக்கும் வழியும் உண்டு. எனக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டுக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். என் நிலைமைக்கு அது சரிதான், குறை சொல்லவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறேன்.

மாமியார்க்காரியிடம் இதையெல்லாம் திண்ணையிலேயே உரக்கச் சொல்லிவிட்டேன். நாலு பேர் நடமாடும் தெரு. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. மகன்காரன் மட்டும் நேற்று வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனான். நாளைக் காலை ஸ்கேனுக்கு நானும் கூடப் போகிறேன். தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.