சந்திரகிரி யாருடையது?

ரேணிகுண்டா சந்திப்பைக் கடந்து நாள்தோறும் எத்தனையோ தமிழர் திருப்பதிக்குச் செல்கின்றனர். முடி இறக்குகின்றனர், மலையேறித் தொழுகின்றனர், லட்டுடன் அடுத்த வண்டியில் ஊர் திரும்புகின்றனர். திருப்பதிக்குத் தென்மேற்கே, காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில், சந்திரகிரி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே ஒரு கோட்டை உண்டு. அதைக் கண்டு திரும்பியோர் நூற்றுக்கு எத்தனை பேர்?

பிழைப்புத் தேடி ரேணிகுண்டாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் நான். அக்கோட்டையைப் பற்றி நம் மாணவர் விடுதியில் பேசும்போதெல்லாம் இருவகை மறுமொழி கேட்கிறேன். "அது நம் மண், நாம் இழந்தது" என்பார் ஒருவர். "அது தெலுங்கர் கோட்டை, நமக்கென்ன?" என்பார் மற்றொருவர். முன்னவர் பெருமூச்சு விடுகிறார். பின்னவர் கொட்டாவி விடுகிறார். இருவருமே கோட்டையைப் பார்க்கவில்லை!

கோட்டை சொல்வதைக் கேட்போமே. சோழர்க்கு அடங்கிய யாதவராயர் வழியினர் அதனை முதலில் எழுப்பினர் என்பர். பின்னர் அது விசயநகரத்தார் கைக்கு வந்தது. அங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-இல் விசயநகர அரியணையையே கைப்பற்றினார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்தது. தலைநகர் பெனுகொண்டாவுக்கு நகர்ந்தது; இரண்டாம் வேங்கடர் காலத்தில் சந்திரகிரிக்கு வந்தது; அதன்பின் வேலூருக்குச் சென்றது. 1639-இல் ஆங்கிலேயர்க்குச் சென்னையில் இடமளித்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் இவ்வரச மரபுக்கு உட்பட்டவரே. சந்திரகிரியை அறியாதவன் சென்னையின் பிறப்பையும் முழுதாக அறியான்.

இது யாருடைய வரலாறு? திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. விசயநகர மன்னர் காலத்திலும் இங்கே கொடைகள் தமிழில் பொறிக்கப்பட்டன. அரசன் மொழி ஒன்று, ஊரார் மொழி ஒன்று என்பதற்காகக் கல் பிளந்துவிடவில்லை. நாம் இன்று காணும் எல்லைகளோ மிக இளையவை. சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. ஆந்திர மாநிலம் 1953-இல் பிறந்தது. திருத்தணி 1960-இல் தமிழகம் வந்தது. சந்திரகிரியும் ரேணிகுண்டாவும் 2022-இல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. கோட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

நான் வேதியியல் பயில்பவன். மூன்று மாடி ராச மகால் என்னை வேறு வகையில் கவர்கிறது. மரத்தையே பயன்படுத்தாமல், கல்லாலும் செங்கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் கட்டியது அது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சியதை நீரிட்டு நீற்றிச் சாந்தாக்கிப் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுப் பல ஆண்டுகளில் மீண்டும் கல்லாகிறது. வாய்பாடு எழுதத் தெரியாத கொத்தர்கள் அதன் பயனை அறிந்திருந்தனர். இத்தகைய பழஞ்சுவரில் சிமிட்டியை அப்பினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளிருந்தே கெடும். பழமையைக் காக்கப் பற்று மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

அக்கொத்தர் பெயர் என்ன? அரண்சுற்றில் பெரும் பாறைகளை அடுக்கியவர் யார்? அகழி வெட்டியவர் உண்ட கூலி எவ்வளவு? மன்னர் பட்டியலை மனப்பாடம் செய்யும் நாம் இவற்றைக் கேட்பதில்லை. 1614-இல் வேங்கடர் மறைந்ததும் அரசுரிமைக்காக உறவினரே ஒருவரையொருவர் அழித்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1646 அளவில், கோல்கொண்டாப் படை கோட்டையைக் கொண்டது. பாறையை அடுக்கியவன் வேலையில் குறையில்லை. உள்ளே இருந்தோர் ஒற்றுமையில்தான் குறை!

ஆகவே, தோழர்களே, "யாருடையது?" என்ற வினாவைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். "யார் கட்டினர்? எப்படிக் கட்டினர்? ஏன் வீழ்ந்தது?" என்று கேளுங்கள். நம் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் சிற்றுலாவில் சந்திரகிரியும் இடம்பெறட்டும். தெலுங்கு மாணவரையும் உடன் அழைப்போம். அவர் அறிந்ததை நாம் கேட்போம், கல்வெட்டுத் தமிழை நாம் படித்துக் காட்டுவோம். அதற்கு முதலில் பழைய எழுத்தைக் கற்க வேண்டும், கற்போம். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு செல்வோம். சுவரில் பெயர் கீறும் ஆணியை வீட்டிலேயே விட்டுச் செல்வோம்.

கற்றுக்கொள்ள வருகிறவனிடம் எந்தக் கோட்டையும் ஊர்ப்பெயர் கேட்பதில்லை.